அமெரிக்க மாநிலங்களில் காட்டுயிர்களின் கதியை யார் முடிவு செய்கிறார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் வாழும் தமிழர்கள் பலருக்குக் காட்டுயிர் மேல் நல்ல ஈடுபாடு உண்டு. விடுமுறை கிடைத்தால் யெல்லோஸ்டோன் போகிறார்கள். கொல்லைப்புறத்தில் மான் வந்தால் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டுகிறார்கள். ஆனால் அந்த உயிர்களைப் பற்றிய முடிவுகளை யார், எங்கே உட்கார்ந்து எடுக்கிறார்கள் என்பது பெரும்பாலோருக்குத் தெரிவதில்லை. அந்த இடத்துக்கு நாமும் போகலாம், பேசலாம். அங்கே யார் உட்கார வேண்டும் என்பதைக்கூட மாற்றலாம். பல மாநிலங்களில் சாதாரண மக்கள் அதைச் செய்திருக்கிறார்கள்.

காட்டுயிர்களைக் காப்பது மத்திய அரசின் வேலை இல்லையா?

ஒரு பகுதிதான். வலசை வரும் பறவைகளுக்கு 1918ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. கடல்வாழ் பாலூட்டிகளுக்கு 1972இலும், அழியும் நிலையிலுள்ள இனங்களுக்கு 1973இலும் சட்டங்கள் வந்தன. இவற்றை மத்திய அரசு நடத்துகிறது. மற்றபடி மான், கரடி, நரி, கயோட்டி (ஓநாயைவிடச் சிறிய காட்டு நாய்), நீர்நாய், மலைச் சிங்கம் (பூமா) என்று நாம் பார்க்கும் பெரும்பாலான விலங்குகள் மாநிலங்களின் பொறுப்பு. தேசியப் பூங்காக்களுக்குள் பெரும்பாலும் வேட்டை கிடையாது. ஆனால் விலங்குக்கு எல்லைக்கோடு தெரியாதே. 2021–22 வேட்டைப் பருவத்தில் யெல்லோஸ்டோனைச் சேர்ந்த 25 ஓநாய்கள் பூங்காவுக்கு வெளியே கால் வைத்தபோது கொல்லப்பட்டன. உலகமே வந்து பார்க்கும் அந்த ஓநாய்களின் உயிர், வேலிக்கு அந்தப் பக்கம் மாநில விதிகளின் கையில் இருக்கிறது.

சரி, மாநிலத்தில் முடிவெடுப்பது யார்?

இரண்டு தரப்பு. உயிரியலாளர்கள், வனக் காவலர்கள், அலுவலர்கள் அடங்கிய துறை ஒன்று. அதற்கு மேலே ஆணையம் அல்லது வாரியம். எந்த விலங்கை எப்போது வேட்டையாடலாம், எத்தனை, எந்த முறையில் என்பதையெல்லாம் பெரும்பாலான மாநிலங்களில் ஆணையம்தான் வாக்களித்து முடிவு செய்கிறது. ஆணையர்களை ஆளுநர் நியமிப்பார். பல மாநிலங்களில் மாநில செனட் ஒப்புதல் தரவேண்டும். வாஷிங்டன் மாநிலத்தில் ஒன்பது பேர், கலிஃபோர்னியாவில் ஐந்து பேர், மிசூரியில் நான்கு பேர். சில கோடி மக்கள் வாழும் ஒரு மாநிலத்தின் விலங்குகளைப் பற்றி ஐந்து பேர் முடிவெடுக்கிறார்கள் என்றால், அந்த ஐந்து பேர் யார் என்பது முக்கியமான கேள்விதான்.

சில மாநிலங்களில் அந்தக் கேள்விக்குச் சட்டமே முன்கூட்டி பதில் எழுதி வைத்திருக்கிறது. நியூ ஜெர்சியின் மீன், வேட்டை மன்றத்தில் 11 இடங்கள். அதில் ஆறு வேட்டை, மீன்பிடிப்புச் சங்கத்தாருக்கு, மூன்று விவசாயிகளுக்கு. பறவை பார்ப்பவர்களும், மலையேறுபவர்களும், வெறுமனே அந்த மாநிலத்தில் வாழ்ந்து வரி கட்டுபவர்களும் மிச்சத்தில் அடங்கிக்கொள்ள வேண்டும்.

இந்த ஏற்பாடு எப்படி வந்தது?

இதற்கு நியாயமாகப் பதில் சொல்லவேண்டும், ஏனென்றால் வேட்டைக்காரர்களைத் திட்டிவிட்டு நகர்ந்துவிடுவது எளிது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சந்தைக்காக நடந்த வரைமுறையற்ற வேட்டையில் அமெரிக்கா தன் விலங்குகளை அள்ளி இறைத்தது. கோடிக்கணக்கில் இருந்த காட்டெருமைகளில் சில நூறுதான் மிஞ்சின. வானத்தையே மறைத்துப் பறந்த பயணிப் புறாக்களில் கடைசி ஒன்று 1914இல் சின்சினாட்டி விலங்குக் காட்சியகத்தில் செத்தது. அந்த அழிவைக் கண்டு முதலில் குரல் எழுப்பியவர்களில் பொழுதுபோக்கு வேட்டைக்காரர்களும் இருந்தார்கள். பருவம், உரிமம், எண்ணிக்கை வரம்பு எல்லாம் அவர்களும் சேர்ந்து கேட்டு வாங்கியவை.

1937இல் பிட்மன்–ராபர்ட்சன் சட்டம் வந்தது. நீளத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 11 சதவீதம், பின்னாளில் சேர்க்கப்பட்ட கைத்துப்பாக்கிக்கு 10 சதவீதம் கலால் வரி, அந்தப் பணம் மாநிலக் காட்டுயிர்த் துறைகளுக்கு. 1950இல் மீன்பிடிக் கருவிகளுக்கும் அதே போன்ற சட்டம். வெள்ளைவால் மானும் காட்டு வான்கோழியும் மீண்டு வந்ததில் இந்தப் பணத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

சிக்கல் அந்தச் சட்டத்தின் கணக்கில் இருக்கிறது. மாநிலத்துக்கு எவ்வளவு பணம் என்பது பாதி அதன் பரப்பளவை வைத்தும், பாதி அங்கே உரிமம் வாங்கிய வேட்டைக்காரர்களின் எண்ணிக்கையை வைத்தும் கணக்கிடப்படுகிறது. உரிமக் கட்டணமும் துறைக்கே வருகிறது. ஆக, வேட்டைக்காரர் கூடினால் துறைக்கு வருமானம் கூடும், குறைந்தால் குறையும். எந்த அதிகாரியும் கெட்டவராக இருக்கவேண்டிய அவசியமே இல்லை. இந்தக் கணக்கு ஒன்றே போதும், துறையின் பார்வை எந்தப் பக்கம் சாயும் என்பதைத் தீர்மானிக்க.

அதனால் இன்று என்ன கெட்டுவிட்டது?

2022இல் எடுத்த தேசியக் கணக்கெடுப்பின்படி வேட்டையாடியவர்கள் சுமார் 1 கோடியே 44 லட்சம் பேர். காட்டுயிர்களைப் பார்த்து மகிழ்பவர்கள் 14 கோடியே 80 லட்சம் பேர். ஆனால் துறைகளின் பணமும் கவனமும் இன்னும் சுடப்படும் விலங்குகளைச் சுற்றியே இருக்கின்றன. தவளை, சிப்பி, தேனீ, வௌவால், புல்வெளிப் பறவை போன்றவற்றுக்கு உரிமம் விற்க முடியாது. மாநிலங்களே தயாரித்த காட்டுயிர்ச் செயல்திட்டங்களில் கவனம் தேவைப்படும் இனங்கள் என்று 12,000க்கு மேல் பட்டியலிட்டிருக்கிறார்கள். பட்டியல் இருக்கிறது, பணம் இல்லை.

இன்னொரு பக்கம், ஊனுண்ணிகள் படும் பாடு. தெற்கு டகோட்டாவில் 2019இல் ரக்கூன், ஸ்கங்க், ஒப்போசம், செந்நரி, பேட்ஜர் இவற்றின் வாலுக்குத் தலா 10 டாலர் என்று அரசே விலை வைத்தது. வேட்டைப் பறவையான ஃபெசன்ட்டின் கூடுகளைக் காக்க வேண்டுமாம். அந்த ஃபெசன்ட் ஆசியாவிலிருந்து கொண்டுவந்து விட்ட பறவை. மண்ணுக்குச் சொந்தமான விலங்கைக் கொன்று, சுடுவதற்காகக் கொண்டுவந்த பறவையைக் காப்பது என்ன நிர்வாகம் என்று கேட்க மக்களுக்கு உரிமை இருக்கிறது.

விஸ்கான்சினில் 2021 பிப்ரவரியில் நடந்தது இன்னும் மோசம். ஓநாய்கள் மத்தியப் பாதுகாப்புப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டவுடன் ஒரு வேட்டை ஆதரவு அமைப்பு வழக்குப் போட்டு, உடனே வேட்டை நடத்தும்படி நீதிமன்ற உத்தரவு வாங்கியது. மொத்தம் 200 என்று வரம்பு. அதில் 81 ஓஜிப்வே பழங்குடிகளின் பங்கு, மீதி 119 மாநில உரிமக்காரர்களுக்கு. ஓஜிப்வே மக்களுக்கு ஓநாய் உடன்பிறப்பு போன்றது. தங்கள் பங்கை அவர்கள் கொல்வதற்காக வாங்கவில்லை. ஆனால் மூன்று நாள் முடிவதற்குள் மாநில வேட்டைக்காரர்கள் 218 ஓநாய்களைக் கொன்றுவிட்டார்கள். அது இனப்பெருக்கக் காலம் வேறு. அடுத்த ஆண்டு ஒரு மத்திய நீதிமன்றம் பாதுகாப்பைத் திரும்பக் கொடுத்தது, ஆனால் செத்தது செத்ததுதான்.

அப்படியென்றால் வேட்டையையே ஒழிக்கவேண்டும் என்கிறீர்களா?

இல்லை. இந்த ஏற்பாட்டை மாற்றக் கேட்கும் இயக்கத்தில் வேட்டையாடுபவர்களும் உண்டு. சாப்பாட்டுக்காக ஆண்டுக்கு ஒரு மான் அடிக்கும் குடும்பத்துக்கும், அதிக எண்ணிக்கையில் கயோட்டி கொன்றவருக்குப் பரிசு என்று போட்டி நடத்துபவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. கொலைப் போட்டிகளை 2014இல் கலிஃபோர்னியா ஆணையம் தடை செய்தது. பிறகு வெர்மான்ட், நியூ மெக்ஸிகோ, அரிசோனா, மாசசூசெட்ஸ், கொலராடோ, வாஷிங்டன், மேரிலாந்து, ஆரிகன், நியூ யார்க் என்று தொடர்ந்தன. அந்தத் தடைகளை ஆதரித்துப் பேசியவர்களில் நல்ல வேட்டைக்காரர்கள் இருந்தார்கள். அவர்களைத் தேடிப்பிடித்துக் கூட அழைத்துச் செல்லுங்கள். உங்கள் ஐம்பது பேர் பேசுவதைவிட அவர்களில் ஒருவர் பேசுவதை ஆணையம் கூர்ந்து கேட்கும்.

நாம் கோருவது வேறு. காட்டுயிர் எல்லா மக்களுக்கும் பொதுச் சொத்து, மாநிலம் அதன் அறங்காவலர் என்பது அமெரிக்கச் சட்டத்திலேயே ஊறிய கொள்கை. அறங்காவலர் ஒரு பங்குதாரரின் பேச்சை மட்டும் கேட்டு நடக்கக்கூடாது.

"பணம் கொடுப்பது நாங்கள்" என்று வேட்டைக்காரர்கள் சொன்னால்?

சொல்வார்கள். அதில் உண்மை இருக்கிறது, எனவே அந்த வாதத்துக்குச் சரியான மறுமொழி நாமும் பணம் கொடுப்பதுதான். இதில் மிசூரியைப் போல வழிகாட்டும் மாநிலம் இல்லை. அங்கே 1936இல் மக்கள் வாக்களித்து அரசியல் கட்சிகளின் பிடிக்கு வெளியே ஓர் ஆணையத்தை அமைத்தார்கள். 1976இல் மறுபடி வாக்களித்து எட்டில் ஒரு சதவீத விற்பனை வரியைக் காட்டுயிருக்கென்று ஒதுக்கினார்கள். எட்டு டாலருக்குப் பொருள் வாங்கினால் ஒரு சென்ட். அந்த ஒரு சென்ட்டில் இன்றுவரை காடும் புல்வெளியும் வாங்கிக் காக்கிறார்கள். வேட்டையாடாதவரும் கட்டும் வரி என்பதால் துறையும் எல்லோருக்கும் பதில் சொல்கிறது.

ஆர்கன்சா 1996இல் அதே வழியில் போனது. மினசோட்டா மக்கள் 2008இல் எட்டில் மூன்று சதவீதம் கூடுதல் வரிக்குத் தாங்களே ஒப்புக்கொண்டார்கள். அது வாழிடம், நீர், பூங்கா, கலை எல்லாவற்றுக்கும் பிரித்துப் போகிறது. கொலராடோவில் 2023 முதல் வண்டிப் பதிவோடு சேர்த்துப் பூங்கா அனுமதி தருகிறார்கள் (தொடங்கியபோது 29 டாலர்), வேண்டாமென்றால் விட்டுவிடலாம்.

தேசிய அளவில் ஒரு பெரிய முயற்சி பாதியில் நிற்கிறது. மாநிலங்களுக்கும் பழங்குடி அரசுகளுக்கும் ஆண்டுக்கு ஏறத்தாழ 140 கோடி டாலர் தரும் மசோதா 2022 ஜூனில் கீழவையில் நிறைவேறியது. செனட்டில் வாக்கெடுப்புக்கே வரவில்லை. உங்கள் செனட்டரிடம் அதைப் பற்றி நேரடியாகக் கேளுங்கள்.

மக்கள் வாக்கெடுப்பு நடத்தினால் வேலை சீக்கிரம் முடியாதா?

சில நேரம் முடியும். கையெழுத்துச் சேகரித்து நேரடி வாக்கெடுப்புக்குக் கொண்டுபோகும் உரிமை ஏறக்குறைய பாதி மாநிலங்களில் இருக்கிறது. கலிஃபோர்னியா மக்கள் 1990இல் மலைச் சிங்க வேட்டையை நிறுத்தினார்கள். கொலராடோ மக்கள் 1992இல் வசந்தகாலக் கரடி வேட்டையையும், 1996இல் கால்பிடிப் பொறிகளையும் தடுத்தார்கள். 2020இல் ஓநாயைத் திரும்பக் கொண்டுவர மிகச் சிறிய வித்தியாசத்தில் ஒப்புதல் தந்தார்கள். 2023 டிசம்பரில் ஆரிகனிலிருந்து வந்த பத்து ஓநாய்கள் அங்கே விடப்பட்டன.

எனக்கு இவை எல்லாவற்றையும்விட மாசசூசெட்ஸின் 1996 வாக்கெடுப்புதான் பிடித்தது. பொறிகளுக்கும், நாய்களை விட்டுக் கரடி விரட்டுவதற்கும் தடை கேட்டவர்கள் கூடவே இன்னொன்றையும் சேர்த்தார்கள். அதுவரை ஏழு பேர் கொண்ட வாரியத்தில் ஐந்து பேர் வேட்டை அல்லது மீன்பிடி உரிமம் வைத்திருந்தவர்களாக இருக்கவேண்டும் என்ற விதி இருந்தது. அதையே எடுத்துவிட்டார்கள். ஒரு விலங்குக்காகப் போனவர்கள் நாற்காலியையும் மாற்றிவிட்டு வந்தார்கள்.

வாக்கெடுப்பில் ஆபத்தும் உண்டு. கொலராடோவில் 2024இல் மலைச் சிங்கம், பாப்கேட் (ஒரு காட்டுப்பூனை) வேட்டையை நிறுத்தக் கேட்ட முன்மொழிவு தோற்றது. தோற்ற பிறகு அதே கோரிக்கையை ஆணையத்தின் முன் வைப்பது முன்பைவிடக் கடினம். மிச்சிகன் கதை இன்னும் பாடம். 2014இல் அங்கே ஓநாய் வேட்டைக்கு வழிவிட்ட இரண்டு சட்டங்களையும் மக்கள் வாக்களித்து நிராகரித்தார்கள். ஆனால் அதற்குச் சில மாதம் முன்பே சட்டமன்றம் வேறொரு சட்டத்தை நிறைவேற்றி, மக்கள் தீர்ப்பு பலிக்காதபடி செய்துவிட்டது. 2016இல் நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் சட்டமன்றம் மறுபடி அதையே கொண்டுவந்தது. இன்னொன்றும் பாருங்கள்: வேட்டையாடும் உரிமையை இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் தங்கள் அரசியலமைப்பிலேயே எழுதிவிட்டன. ஃபுளோரிடா 2024இல் சேர்ந்தது.

ஆகவே, விலங்கு விலங்காகச் சண்டை போடுவதைவிட, யார் முடிவெடுக்கிறார்கள், யார் பணம் தருகிறார்கள் என்ற இரண்டையும் மாற்றுவதில் உழைப்பைப் போடுங்கள் என்பது என் உறுதியான கருத்து.

ஆணையர்கள் நியமனத்தில் நாம் என்ன செய்ய முடியும்?

பலர் நினைப்பதைவிட அதிகம் செய்யலாம். யாருடைய பதவிக்காலம் எப்போது முடிகிறது என்ற விவரம் பொதுவில் கிடைக்கும். அதற்கு ஆறு மாதம் முன்பே ஆளுநர் அலுவலகத்துக்கு நல்ல பெயர்களை அனுப்புங்கள். சூழலியல் படித்த ஆசிரியர், பழங்குடித் தலைவர், ஓய்வுபெற்ற உயிரியலாளர், நிலத்தை நன்றாகப் பராமரிக்கும் பண்ணையாளர் என்று விண்ணப்பிக்கத் தகுதியானவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள், யாரும் அவர்களைக் கேட்டதில்லை என்பதுதான் குறை. செனட் ஒப்புதல் கட்டத்தில் உங்கள் தொகுதி உறுப்பினரிடம் பேசுங்கள்.

விதியின் ஓட்டைகளையும் கவனிக்கவேண்டும். விஸ்கான்சினில் வாரிய உறுப்பினர் ஒருவர் 2021 மே மாதம் பதவிக்காலம் முடிந்தும் இறங்க மறுத்தார். அடுத்தவரை செனட் உறுதிசெய்யாதவரை அவர் தொடரலாம் என்று மாநில உச்ச நீதிமன்றமும் 2022இல் சொல்லிவிட்டது.

நியூ மெக்ஸிகோவில் பல ஆண்டு உழைப்புக்குப் பிறகு 2025இல் ஒரு சீர்திருத்தச் சட்டம் வந்தது. துறையின் பெயரிலிருந்து 'வேட்டை, மீன்' போய் 'காட்டுயிர்' வருகிறது. வேட்டைக்கு உட்படாத உயிர்களையும் காக்கும் அதிகாரம் விரிவாகியிருக்கிறது. கட்டணங்களும் உயர்ந்தன. ஆணையர்களை நீக்கும் முறை பற்றிய பகுதியை ஆளுநர் வெட்டிவிட்டார் என்பது வருத்தம்தான். முழுசாகக் கிடைக்கவில்லை என்பதற்காகக் கிடைத்ததைச் சின்னதாக நினைக்கவேண்டாம்.

ஆணையக் கூட்டத்தில் என்ன பேசுவது?

பொதுவாக இரண்டு அல்லது மூன்று நிமிடம்தான் தருவார்கள். பல மாநிலங்களில் இணையவழியாகவும் பேசலாம். முதல் தடவை போகும்போது பேசாமல் உட்கார்ந்து கேட்டுவிட்டு வந்தாலும் நல்லது. யார் எதற்கு அசைகிறார்கள், எந்த ஆணையர் கேள்வி கேட்கிறார், யார் கைபேசியைப் பார்க்கிறார் என்பதெல்லாம் பிடிபடும்.

பேசும்போது ஒரே ஒரு கோரிக்கை வையுங்கள். நிகழ்ச்சி நிரலில் உள்ள தீர்மானத்தின் எண்ணைச் சொல்லி, எந்த வரியை எப்படி மாற்றவேண்டும் என்று சொல்லுங்கள். "விலங்குகளைக் கொல்லாதீர்கள்" என்று அழுதுவிட்டு வந்தால் பாராட்டு கிடைக்கும், வாக்கு கிடைக்காது. துறையின் சொந்த அறிக்கையில் உள்ள எண்ணை எடுத்து வைத்தால் மறுப்பது கடினம். அந்த அறிக்கைகள் இணையத்தில் இல்லையென்றால் மாநிலத்தின் பொது ஆவணச் சட்டத்தின் கீழ் கேட்டு வாங்கலாம், எல்லா மாநிலத்திலும் அப்படியொரு சட்டம் இருக்கிறது. அச்சடித்த கடிதத்தை ஆயிரம் பேர் அனுப்புவதைவிடச் சொந்த வார்த்தையில் இருபது பேர் எழுதுவது மேல்.

விதியை மாற்றக் கோரி எழுத்து மூலம் மனு கொடுக்கும் வழியும் உண்டு. வாஷிங்டனில் அப்படி மனு வந்தால் 60 நாளுக்குள் ஏற்கவோ, காரணம் சொல்லி மறுக்கவோ வேண்டும். மறுப்பும் பயன்தான், காரணம் பதிவாகிவிடுகிறதே. விஸ்கான்சினில் 1934 முதல் நடக்கும் ஓர் ஏற்பாடு எனக்கு மிகவும் பிடிக்கும்: ஒவ்வொரு கவுன்டியிலும் வசந்த காலத்தில் பொதுக்கூட்டம், மக்கள் தங்கள் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்கலாம், தீர்மானம் கொண்டுவரலாம். வேட்டைக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகப் போகிறார்கள். மற்றவர்கள் போகாதது யார் குற்றம்?

குடியுரிமை இல்லாதவர் இதில் கலந்துகொள்ளலாமா?

பேசலாம், எழுதலாம், கூட்டத்துக்குப் போகலாம். பொதுக் கருத்துக் கேட்பில் பேச வாக்காளராக இருக்கவேண்டியதில்லை. ஆனால் வாக்கெடுப்பு மனுவில் கையெழுத்திட வாக்காளராகப் பதிவு செய்திருக்கவேண்டும். தேர்தல் நிதி கொடுப்பதற்குத் தனி விதிகள் உண்டு, பணி விசாவில் இருப்பவர்கள் அதில் கை வைக்குமுன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

"இதெல்லாம் உணர்ச்சி, நாங்கள் அறிவியல்படி நடக்கிறோம்" என்கிறார்களே?

இத்தனை கரடியைக் கொன்றாலும் இனம் அழியாது என்று அறிவியல் சொல்ல முடியும். ஆகவே கொல்லலாம் என்று அறிவியல் சொல்வதில்லை. அது மனிதர்கள் எடுக்கும் முடிவு, அதில் எல்லா மனிதர்களுக்கும் குரல் உண்டு. வாஷிங்டனில் வசந்தகாலக் கரடி வேட்டை பற்றி 2021 நவம்பரில் நடந்த வாக்கெடுப்பு 4–4 என்று சமமாக நின்று, அடுத்த ஆண்டு வேட்டை இல்லாமல் போனது. குட்டியோடு இருக்கும் தாய்க் கரடி குண்டுக்கு ஆளாகும் அபாயத்தை ஏற்கலாமா என்பது அங்கே எழுந்த கேள்விகளில் ஒன்று. 2022இல் ஆணையம் பொழுதுபோக்குக்கான அந்த வேட்டையைக் கைவிட முடிவு செய்தது.

ஆடு மாடு வளர்ப்பவர்களுக்கு என்ன பதில்?

நஷ்டம் அவர்களுக்குத்தான், நகரத்தில் இருப்பவர்களுக்கு இல்லை. இதை முதலில் ஒப்புக்கொள்ளவேண்டும். கொலராடோ ஓநாய் கொன்ற ஒவ்வொரு கால்நடைக்கும் 15,000 டாலர் வரை ஈடு தருகிறது. காவல் நாய், இரவுக் காவலாள், கொடி கட்டிய வேலி ஆகியவற்றுக்கும் அரசுப் பணம் கேட்டு வாங்குவது நம் கோரிக்கைகளில் ஒன்றாக இருக்கவேண்டும்.

எதிலிருந்து தொடங்கலாம்?

உங்கள் மாநிலத்தின் காட்டுயிர்ச் செயல்திட்டத்தை எடுத்துப் படியுங்கள். மத்திய நிதி வேண்டுமானால் பத்து ஆண்டுக்கு ஒருமுறையாவது மாநிலம் அதைத் திருத்தவேண்டும், திருத்தும்போது பொதுமக்கள் கருத்தையும் கேட்கவேண்டும். உங்கள் பக்கத்துக் குளத்தில் இருக்கும் ஒரு தவளையோ ஆமையோ அதில் இருக்கும். அதற்காக இந்த ஆண்டு துறை என்ன செய்தது, எவ்வளவு செலவழித்தது என்று ஒரு கடிதம் எழுதிக் கேளுங்கள். வரும் பதிலை வைத்துக்கொண்டு அடுத்த ஆணையக் கூட்டத்துக்கு இரண்டு நண்பர்களோடு போங்கள்.

துறையில் வேலை செய்பவர்கள் எதிரிகளா?

இல்லவே இல்லை. அங்கே இருக்கும் இளம் உயிரியலாளர்கள் பலர் தவளைக்கும் வௌவாலுக்கும் பணம் கிடைக்காதா என்று ஏங்குபவர்கள். பதவியில் இருந்துகொண்டு அவர்களால் சொல்ல முடியாததை வெளியே இருக்கும் நாம் சொல்லலாம். அவர்கள் நல்ல வேலை செய்தால் அதை ஆணையக் கூட்டத்தில் எழுந்து நின்று, வேலையைக் குறிப்பிட்டுப் பாராட்டுங்கள். அதுவும் பதிவேட்டில் ஏறும்.